அட்டை சொன்னதும் அழுக்கு சொன்னதும்

முப்பது நாளில் ஒரு பாஷையைக் கற்றுக்கொண்டுவிடலாம் என்று தமிழ்நாட்டில் யாரும் நம்பியதில்லை. ஆனாலும் பாலாஜி பப்ளிகேஷன்ஸின் 'முப்பது நாட்களில்' வரிசைப் புத்தகங்களைத் தொங்கவிடாத ரயில் நிலையக் கடையும் கிடையாது. இந்தி, தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று அண்டை வீட்டு பாஷை எல்லாம் வார இதழ்களுக்கும் ஜோதிடப் புத்தகங்களுக்கும் நடுவில் கிளிப்பில் ஆடிக்கொண்டிருக்கும். வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு பாஷையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டால் மனசுக்கு ஒரு தெம்பு.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முன்பக்கம் புதுசு, பின்பக்கம் பழசு. முதலாளிக்குத் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் வீதியே அவரை அண்ணாச்சி என்றது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கலவரமாக வெடித்த ஊர் இது. அதே ஊரில், இருபது வருடம்கூட ஆகாத நிலையில், எங்கள் கடையில் தட்டாமல் விற்ற சரக்கு 'முப்பது நாட்களில் இந்தி'தான். வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு வருவார்கள். "எனக்கில்லண்ணே, மச்சானுக்கு" என்று நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அந்த மச்சான்கள் எல்லோரும் பம்பாய்க்கோ பட்டாளத்துக்கோ துபாய்க்கோ போகிறவர்களாக இருந்தார்கள்.

மச்சான்களில் பாதிப் பேருடைய புத்தகம் வருடம் திரும்புவதற்குள் கடையின் பின்பக்கத்துக்கு வந்துவிடும். பழைய புத்தகம் வாங்கும்போது அண்ணாச்சி அட்டையையும் பார்க்கமாட்டார், எழுதியவர் யார் என்றும் பார்க்கமாட்டார். மூடியபடியே கையில் எடுத்து, தாள்களின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். ஆள் படித்த இடம்வரை விளிம்பு பழுப்பேறியிருக்கும். விரல் படாத இடத்திலிருந்து வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல எல்லை தெரியும். "பரவால்லலே, எட்டாம் நாள் வரைக்கும் தாக்குப் பிடிச்சிருக்கான்" என்பார். பெரும்பாலான மச்சான்கள், எழுத்து முடிந்து இலக்கணம் தலைதூக்கி, நாற்காலி பெண்பால் கதவு ஆண்பால் என்று தெரியவந்த இடத்தில் நின்றிருந்தார்கள். மேற்கொண்டு போக தமிழ்ப் பிள்ளைக்கு நியாயமான காரணம் எதுவும் இல்லைதான்.

புத்தகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான சோதனை எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. விளம்பரம் பொய் சொல்லும், முன்னுரை பொய் சொல்லும், வாங்கியவரே பொய் சொல்வார். அழுக்குக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் காலத்தில் அநேகமாக யாரும் புத்தகத்தைத் திட்டிக்கொண்டு வந்ததில்லை. எட்டாம் நாளில் நின்றவர் தலையைச் சொறிந்துகொண்டு, "புக்கு நல்ல புக்குத்தான் அண்ணாச்சி, நம்ம மண்டையிலதான் ஏறல" என்று சொல்லி, பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். பம்பாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் எங்கள் முன்னாலேயே சரளமாக இந்தி பேசிக் காட்டினார். புத்தகத்தால் வந்ததா என்று கேட்டேன். "அட நீங்க வேற, தாராவியில டீக்கடையில நின்னு வந்தது. ஆனா அது பொட்டியில இருக்குங்கிற தைரியத்துலதான் நான் ரயிலே ஏறுனேன்" என்றார். முப்பது நாளில் இந்தி தருவதாகச் சொன்ன புத்தகம் அவருக்குத் தந்தது ஒரு ரயில் பயணத்துக்கான தைரியம். அவர் நஷ்டக் கணக்கு எழுதவில்லை.

இந்தப் பெருந்தன்மையை நான் வெகுகாலம் நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு கேடும் இருந்தது என்பதைக் காட்டியது ஒரு ரேடியோ புத்தகம்.

வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்த நேரம். எங்கள் அலமாரியில் ரேடியோ பழுதுபார்க்கும் புத்தகம் ஒன்று புத்தம் புதிய அட்டையோடு, 'திருத்திய பதிப்பு' என்ற முத்திரையோடு இருந்தது. உள்ளே திறந்தால் வால்வு ரேடியோ. பக்கத்துக்குப் பக்கம் வால்வு சூடேறுவதும், வால்வைக் கழற்றிச் சோதிப்பதும். ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் அதை வாங்கிப்போய் வீட்டு டிரான்சிஸ்டரைப் பிரித்துவிட்டு, மறுநாள் மிகுந்த மரியாதையோடு கேட்டான்: "அண்ணே, எங்க வீட்டு ரேடியோவுல வால்வு இல்ல. டூப்ளிகேட்டா இருக்குமா?" புத்தகத்தை அவன் சந்தேகிக்கவில்லை, ரேடியோவைத்தான் சந்தேகித்தான். அச்சில் வந்ததற்கு அப்படி ஒரு மதிப்பு.

அந்தப் பதிப்பாளர் ஒருநாள் கணக்கு முடிக்க வந்தபோது அண்ணாச்சி இதைச் சொல்லிவிட்டார். பதிப்பாளர் கோபப்படவில்லை. "படிக்கிறவன் யாரு அண்ணாச்சி? லைப்ரரி ஆர்டர் வந்தாச்சு" என்றார். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலித்து, அதில் ஊருக்கு ஊர் நூலகம் நடத்துவது என்ற அருமையான ஏற்பாடு. என்னைப்போன்ற ஆயிரக்கணக்கான பேரைப் படிக்க வைத்தது அதுதான், அதில் எனக்கு வேறு பேச்சில்லை. ஆனால் அதன் நிழலில் ஒரு தனி ரகப் புத்தகமும் வளர்ந்தது. நூலக ஆணை கிடைத்தால் அச்சிட்டதில் பெரும்பகுதி போய்விடும், மீதி கடைக்கு. ஆக, தேனீ வளர்ப்புப் புத்தகத்தைப் படித்து யாராவது தேனீ வளர்த்தாரா என்பது யாருடைய கவலையாகவும் இருக்கவேண்டியதில்லை. எல்லோரும் அப்படி இல்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உலாவிய தமிழ்வாணனின் மணிமேகலைப் பிரசுரம் தொடாத துறை கிடையாது. அங்கிருந்து வந்த சின்னச் சின்னப் புத்தகங்களை வைத்துக்கொண்டு தொழில் பழகியவர்களை எனக்கு நேரிலேயே தெரியும். ஆனால் "நம்ம மண்டையிலதான் ஏறல" என்று வாசகர் தன்மேல் பழி போட்டுக்கொண்டே இருந்ததால், வால்வு ரேடியோ தன் பாட்டுக்குத் திருத்திய பதிப்பாக வந்துகொண்டிருந்தது.

சொன்னதைச் சொன்னபடி செய்த புத்தகம் என்று அழுக்குச் சோதனையில் தேறியவற்றில் முதலிடம் எதற்கு என்று கேட்டால் இலக்கியவாதிகள் கோபிப்பார்கள். கோனார் தமிழ் உரை. திருச்சி புனித வளனார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயன்பெருமாள் கோனார் பெயரில் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்டது. பதவுரை, பொழிப்புரை, வினா, விடை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே சீரான அழுக்கு, வெள்ளைக் கோடே இருக்காது. மாணவன் எதிர்பார்த்தது மார்க்கு, புத்தகம் கொடுத்தது மார்க்கு. இடையில் வாழ்க்கையை மாற்றுவதாக ஒரு பேச்சும் இல்லை. ஆனால் அதன் விதியைப் பாருங்கள்: தமிழ் இரண்டாம் தாள் முடிந்த அன்று சாயங்காலமே அது எங்கள் பின்பக்கத்துக்கு வந்து சேரும். சில பையன்கள் பரீட்சை அட்டையும் கையுமாக நேரே கடைக்கு வருவார்கள். எதிர்பார்ப்பை முழுசாக நிறைவேற்றிய புத்தகம் அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேறியது. நிறைவேற்றாத 'முப்பது நாட்கள்' எத்தனையோ வீட்டில் பரணில் பத்திரமாக இருந்தது, என்றைக்காவது ஒன்பதாம் நாள் விடியும் என்று.

அழுக்கும் ஏறி, வீட்டைவிட்டும் போகாத ரகம் ஒன்று உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951-ல் முதல் பாகம் வந்தது. உறவுக்காரப் பெண்களுக்குக் கடிதத்தில் சமையல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவரை, உறவினரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர்தான் இதைப் புத்தகமாகப் போடு என்று தூண்டினார். கடிதத்தில் எழுதுகிறவருக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. எதிர்முனையில் நிற்பது நமக்குத் தெரிந்த பெண். அவளுக்குச் சாம்பார் கெட்டுப்போனால் அடுத்த தபாலில் கேள்வி வரும். அந்தப் பயம் புத்தகத்திலும் இருக்கிறது. எதை முதலில் போடுவது, எவ்வளவு போடுவது, எப்போது இறக்குவது என்று, பக்கத்தில் நின்று சொல்கிறமாதிரி போகும். கல்யாணமாகிப் போகிற பெண்களுக்குச் சீரோடு சீராக இதையும் வைத்து அனுப்பினார்கள், அமெரிக்கா போன பெட்டிகளிலும் போனது.

அந்தப் புத்தகம் பழைய கடைக்கு வருவது அபூர்வம். ஒரே ஒரு பிரதி வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தபோது மூட்டையோடு மூட்டையாக வந்தது. வத்தக்குழம்புப் பக்கத்தில் எண்ணெய் இறங்கித் தாள் கண்ணாடியாகி, பின்பக்க எழுத்து முன்னால் தெரிந்தது. மஞ்சள் விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது, பெருவிரல் என்று சொல்லிவிடலாம். மைசூர்பாகுப் பக்கத்தில் ஒரு கடுகளவு பாகு கெட்டியாக ஒட்டியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஆழாக்கை கிராமாக மாற்றி ஒரு கணக்கு. 1962-ல் மெட்ரிக் எடைகள் கட்டாயமானபோது பலத்தையும் ஆழாக்கையும் நம்பிச் சமைத்துக்கொண்டிருந்த வீடுகள் தாங்களே இப்படித் திருத்திய பதிப்பைத் தயாரித்துக்கொண்டன. வேறொரு கையெழுத்தில், பேனா மையில், காரக்குழம்புக்குப் பக்கத்தில் 'மிளகாய் பாதி போதும், இவருக்கு அல்சர்' என்று இருந்தது. அண்ணாச்சி அதை விற்பனைக்கு வைக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மறுவாரம் அவர் டிபன் பாக்ஸில் இருந்த குழம்பின் வாசனைக்குப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.

ரஷ்யப் புத்தகங்களின் கதை வேறு. மாஸ்கோவில் அச்சாகி, நல்ல கட்டுமானத்தில், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலமாகக் கொள்ளை மலிவாக வந்தவை. யா. பெரெல்மானின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்' அதில் ஒன்று. விலையைப் பார்த்து வாங்கியவர்கள்தான் அதிகம், உள்ளே என்ன என்று பார்த்து வாங்கியவர்கள் குறைவு. ஒன்றும் எதிர்பார்க்காமல் போன இடத்தில் விருந்து கிடைத்தது. அறிவு தருவதாகச் சொன்ன பல புத்தகங்கள் அந்த நாளில் நமக்குப் பொழுதுபோக்கைத் தந்தன, பொழுதுபோக்கு என்று பெயர் வைத்த அந்த ஒன்று பௌதிகம் சொல்லிக்கொடுத்தது. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபின் அந்த வரத்து நின்றுபோனது.

சுயமுன்னேற்றப் புத்தகங்களில் அழுக்குக்குப் பதிலாகச் சிவப்புப் பென்சில். முதல் அத்தியாயத்தில் வரிக்கு வரி அடிக்கோடு, இரண்டாவதில் பத்திக்கு ஒன்று, மூன்றாவதில் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளத்துக்கு. அத்தோடு சரி. டேல் கார்னகி 1936-ல் எழுதி உலகம் பூராவும் விற்ற புத்தகத்தின் முதல் பாடமே பிறரைக் குறை சொல்லாதே என்பதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க வந்த வங்கி ஊழியர் ஒருவர், அதில் இருக்கும் குறைகளை அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார். விதிவிலக்காக, எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' கடைசிப் பக்கம்வரை கசங்கி வரும். அதைப் படித்தவர்கள் முன்னேறினார்களா தெரியாது, படித்து முடித்தார்கள்.

இனி இந்தக் காலம்.

கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். நான் ஓய்வு பெற்றவன் என்றாலும், மதுரைப் புத்தகத் திருவிழா சமயத்தில் தெரிந்தவர் ஒருவரின் ஸ்டாலில் போய் உட்கார்ந்துகொள்வது வழக்கம். திருவிழா நடக்கிற தமுக்கம் மைதானத்தில் நிற்கிற வாசகர் இன்று தலையைச் சொறிவதில்லை. புத்தகத்தை எடுக்கிறார், அட்டையைப் போட்டோ பிடிக்கிறார், போனில் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிறார், வைத்துவிட்டுப் போகிறார். "நாலு புள்ளி ஒண்ணுதான் சார்" என்று ஒரு தம்பி என்னிடம் வருத்தத்தோடு சொன்னார், என் பிள்ளையின் மார்க்கைச் சொல்கிற வாத்தியார் தொனியில்.

நல்லதுதானே, வாசகர் விழித்துக்கொண்டார், பழியைத் தன் மண்டைமேல் போடாமல் புத்தகத்தின்மேல் போடுகிறார் என்று நானும் ஆசையோடு அந்த விமர்சனங்களைப் படித்துப் பார்த்தேன். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களின் குறைகளில் பாதி இந்த ரகம்: பார்சல் கிழிந்திருந்தது, அட்டை மடங்கியிருந்தது, மூன்று நாள் தாமதம், எழுத்து பொடிசு. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை: சூப்பர் புக், இனிமேல்தான் படிக்கவேண்டும். வால்வு ரேடியோவை 'திருத்திய பதிப்பு' என்று விற்ற அந்தப் பதிப்பாளர் இன்றிருந்தால் நல்ல பெட்டியில் கட்டி அனுப்பி நாலரை நட்சத்திரம் வாங்கியிருப்பார்.

மின்நூலில் அழுக்கு ஏறாது என்று நினைத்திருந்தேன். அதுவும் ஏறுகிறதாம். ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 2014-ல் பாதி வேடிக்கையாக ஒரு கணக்குப் போட்டார். கிண்டிலில் வாசகர்கள் அதிகமாகக் கோடிட்ட ஐந்து இடங்களை எடுத்து, அவை புத்தகத்தின் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்று சராசரி பார்த்தார். கடைசிவரை படிக்கப்பட்ட புத்தகம் என்றால் கோடுகள் பரவலாக இருக்கும், இல்லையென்றால் வாசல்படியிலேயே குவிந்திருக்கும். வாங்கிவிட்டுப் படிக்காத புத்தகத்துக்குப் பேர்போன ஹாக்கிங்கின் 'எ பிரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' 6.6 சதவீதம். அந்த வருடம் உலகமே பேசிய தாமா பிக்கெட்டியின் மூலதனப் புத்தகம் 2.4 சதவீதம். அண்ணாச்சி மூடிய புத்தகத்தைச் சாய்த்துப் பார்த்துச் சொன்னதை இவர் தசமப் புள்ளியோடு சொல்லியிருக்கிறார். எட்டாம் நாள் வரை போன எங்கள் மச்சான் முப்பதுக்கு எட்டு, அதாவது 26 சதவீதத்துக்கும் மேல். பிக்கெட்டியை வாங்கியவர்கள் அவன் பக்கத்தில் நிற்க முடியாது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் கதை கவிதை அல்லாத புத்தகங்களுக்கு ஒரு மவுசு வந்தது. 2004-ல் கிழக்கு பதிப்பகம் தொடங்கியபின் வரலாறு, தொழில், பங்குச்சந்தை என்று அடுக்கடுக்காக வந்தன. தமிழ் வாசகருக்கு அது நல்ல காலம்தான், அதுவரை இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிய விஷயங்கள் நம் பாஷையில் கிடைத்தன. சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' வரிசையை ஸ்டாலில் அடுக்கி மாளாது. முதல் பாகம் பங்குச்சந்தையின் அடிப்படைகளைப் பொறுமையாகச் சொல்லும் புத்தகம். பங்கு என்றால் என்ன, எப்படி வாங்குவது, எங்கே ஆபத்து என்று ஒழுங்காக எழுதியது. ஆனால் வாங்கியவர் கண்ணில் பெரிய எழுத்துத் தலைப்பு பட்டது, அதற்குக் கீழே இருந்த 'அடிப்படைகள்' படவில்லை. 2008 ஜனவரியில் 21,000 புள்ளியைத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 10,000-க்கும் கீழே போனது. தெரிந்த ஒருவர் அப்போது என்னிடம், "புக்கெல்லாம் படிச்சுத்தான் போட்டேன்" என்று புலம்பினார். புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். சாய்த்துப் பார்த்தேன். ஆபத்தைப் பற்றிச் சொல்லும் பக்கங்கள் பால் வெள்ளை.

அதே ஆசிரியர் உணர்ச்சிகளைக் கையாள்வது பற்றி எழுதிய புத்தகத்துக்கு 'இட்லியாக இருங்கள்' என்று பெயர். ஸ்டாலில் புதிதாகச் சேர்ந்த பையன் அதைச் சமையல் வரிசையில், பொடி வகைகளுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டான். ஒரு அம்மா வாங்கிப் போய்விட்டார். மறுநாள் வந்தார். சண்டைக்கு என்று நினைத்துப் பையன் பின்னால் நகர்ந்தான். "இட்லி எப்படிச் சுடுறதுன்னு ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா கோவத்தைப் பத்தி நல்லா எழுதியிருக்காரு. எங்க வீட்டுக்காரருக்காக டீவி மேல வச்சிருக்கேன். இன்னொண்ணு குடுங்க, மாப்பிள்ளைக்கு" என்றார். எதிர்பார்த்தது கிடைக்காமல் திருப்தியோடு திரும்பி வந்த வாசகர் இந்தக் காலத்தில் அவர் ஒருவர்தான்.

புத்தகம் தோற்ற இடங்களையும் சொல்லத்தான் வேண்டும். பாகு ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் கடலைமாவைத் தூவு என்று எழுதலாம். அந்தக் கம்பி விரலுக்கும் விரலுக்கும் நடுவில் எப்படி இழுபடும் என்பதை எழுத்தில் காட்ட மீனாட்சி அம்மாளாலும் முடியாது. வீடியோ அரை நிமிடத்தில் காட்டிவிடுகிறது. பிளவுஸ் வெட்டுவதும் அப்படியே. கைக்குழி வளைவைப் புத்தகத்தில் பார்த்து வெட்டிய துணிகள் எத்தனை தலையணை உறையாக மாறின என்பதற்கு வீட்டுப் பெண்கள் சாட்சி. மிக்ஸி ரிப்பேர், பைக் கார்புரேட்டர் எல்லாம் யூடியூபுக்குப் போய்விட்டன, போனது நல்லதுக்கே. ஆனால் அங்கேயும் பாருங்கள், புதுக்கோட்டைப் பக்கத்துப் பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் வயலில் அண்டா வைத்துச் சமைக்கிற வில்லேஜ் குக்கிங் சேனலுக்கு 2021-லேயே சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். அந்த ஒரு கோடிப் பேரில் முழு ஆட்டை அண்டாவில் இறக்கியவர் எத்தனை பேர்? யாரும் சமைக்கப் பார்ப்பதில்லை. பசியாறப் பார்க்கிறார்கள். 'முப்பது நாட்களில்' புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்ட பம்பாய்க்காரரும் இவர்களும் ஒரே ஜாதிதான், அவர் காசு கொடுத்தார்.

சிரித்துக்கொண்டே விட்டுவிட முடியாத விஷயமும் ஒன்று இருக்கிறது. 2023-ல் அமேசானில் காட்டுக் காளான் பறிப்பதற்கு வழிகாட்டும் புத்தகங்கள் சில விற்பனைக்கு வந்தன. அவற்றை மனிதர் யாரும் எழுதவில்லை, செயற்கை நுண்ணறிவு எழுதியிருக்கிறது என்ற சந்தேகம் எழுந்தது. தெரிந்த ஆசிரியர்களின் புத்தகங்களை மட்டும் வாங்குங்கள், இது உயிர்ப் பிரச்சினை என்று நியூயார்க் காளானியல் சங்கம் எச்சரித்தது. நல்ல காளானுக்கும் விஷக் காளானுக்கும் வித்தியாசம் சில சமயம் தண்டின் அடியில் இருக்கும் ஒரு பை போன்ற உறைதான். மண்ணைக் கிளறிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். எங்கள் வால்வு ரேடியோ புத்தகத்தை எழுதியவர் குறைந்தபட்சம் ஒரு காலத்தில் ரேடியோவைத் திறந்து பார்த்தவர். காலம் அவரைத் தாண்டிப் போனது, அவ்வளவுதான். காளானைத் தொடாத, கையே இல்லாத ஒன்று எழுதும் செய்முறைக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. அட்டை அழகாக இருக்கும், தமிழும் பிழையில்லாமல் இருக்கும், பொருளடக்கம் அச்சுக்கோத்த மாதிரி இருக்கும். அடுத்த தபாலில் கேள்வி வருமே என்ற பயம் மட்டும் இருக்காது.

அதனால் பதிப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். செய்முறைப் புத்தகம் போட்டால், எழுதியவர் அந்த வேலையை எங்கே, எத்தனை வருடம் செய்தார் என்பதைப் பின்னட்டையில் போடுங்கள். விருதுப் பட்டியல் வேண்டாம். 'திருத்திய பதிப்பு' என்று போட்டால் எதைத் திருத்தினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். யாருக்கு இந்தப் புத்தகம் பயன்படாது என்பதையும் ஒரு வரி சொல்லிவிட்டால், வாங்குகிறவர் உங்களை வாழ்த்துவார்.

வாங்குகிறவர்களுக்கு: அட்டையையும் முதல் அத்தியாயத்தையும் விட்டுவிடுங்கள், எல்லோரும் அவற்றை நன்றாகத்தான் எழுதுகிறார்கள். நடுவில் பிரியுங்கள். ஏதாவது ஒரு செய்முறையை எடுத்து, நின்றபடியே முழுசாகப் படியுங்கள். படிக்கும்போது உங்கள் கை, தன்னை அறியாமல் அந்த வேலையைச் செய்து பார்க்கிறதா என்று கவனியுங்கள். செய்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். மதுரையில் இருக்கிறவர்கள் இதைக் காசில்லாமலே சோதித்துப் பார்க்கலாம். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, யாரும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள்.